மூன்று பல்பும் ஒன்றாக அணையும்போது

எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தால் வீட்டில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அது இன்றுவரை வராது. ஆனால் மெஷின்ஸ் லேபில் மூன்று ஜோடி குண்டு பல்புகள் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை.

ஒரு டி.சி. மோட்டார், அதன் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஓர் ஆல்டர்நேட்டர், அதாவது ஏ.சி. ஜெனரேட்டர். அது தரும் மின்சாரத்தை மின்வாரிய லைனோடு இணைக்க வேண்டும். இணைக்கும் சுவிட்சுக்குக் குறுக்கே, பேஸுக்கு (மூன்று மின்கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும்) ஒரு ஜோடி பல்பு. ஏன் ஜோடி? இரு பக்கத்து 230 வோல்ட்டும் எதிரெதிராக நிற்கும் கணத்தில் நடுவே 460 வோல்ட் வந்துவிடும், ஒற்றை பல்பு தாங்காது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பதற்கென்றே பிறந்த கேள்வி.

இரு பக்க அதிர்வெண்ணும் (வினாடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு) கொஞ்சம் வேறுபட்டால் பல்புகள் பளிச்சிட்டு மங்கும். வினாடிக்கு ஒருமுறை என்றால் வித்தியாசம் ஒரு ஹெர்ட்ஸ். ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தால் பேஸ் வரிசை தப்பு, இரண்டு ஒயரை மாற்றிப் போடவேண்டும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் ரியோஸ்டாட்டை மெல்ல நகர்த்தி, நான்கு துருவ மெஷினை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், தூங்குகிறவர் மூச்சுபோல மினுக்கல் நிதானமாகும். மூன்றும் அணைந்திருக்கும்போது சுவிட்சைப் போட வேண்டும். எங்கள் பேட்சில் ஒருவன் பளிச்சென்று எரியும்போது போட்டான். டமார்! ஃபியூஸ் போயிற்று, மெஷின் மேடையோடு குலுங்கியது.

எனக்கு ஆச்சரியம் அதற்கு அப்புறம்தான். இணைந்தபின் அதே ரியோஸ்டாட்டை எவ்வளவு நகர்த்தினாலும் வேகம் மாறவில்லை. லைனுக்குப் போகும் பவர் மட்டும் மாறியது. காரணம், லைனில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான டன் இரும்பு ஒரே தாளத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தென்மாநிலங்கள் வெகுநாள் தனித் தாளத்தில் இருந்தன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாடு முழுக்க ஒரே கிரிட், அதாவது ஒரே மின்வலை, ஆனது.

நான்கு வருட பி.இ.யில் சர்க்யூட், மெஷின்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், பவர் எலெக்ட்ரானிக்ஸ், புரொடெக்‌ஷன் என்று என்னென்னவோ உண்டு. பத்தாவதுக்குப்பின் மூன்று வருட டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்கள் லேபில் எங்களைவிடக் கெட்டி. படித்தபின் சிலர் மோட்டார் வடிவமைக்கப் போவார்கள், சிலர் சப்ஸ்டேஷனுக்கு. மின் தேவையையும் உற்பத்தியையும் சமன்செய்யும் லோடு டெஸ்பாட்ச் சென்டருக்குப் போகிறவர்களின் கண் மட்டும் எந்நேரமும் நம் லைனின் 50 ஹெர்ட்ஸ் மீதே இருக்கும்.

கிரிட்டில் மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்துவைக்க வழி குறைவு. செலவாவதை அந்தக் கணத்திலேயே உற்பத்தி செய்தாக வேண்டும். ஓடும் சைக்கிளின் பின்னால் ஒருவர் தாவி ஏறினால் வேகம் குறையுமில்லையா? அதுபோல லோடு கூடினால் ஜெனரேட்டர்கள் மெதுவாகும், அதிர்வெண் இறங்கும். லோடு குறைந்தால் ஏறும். இந்தியாவில் அதிர்வெண்ணை 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு, ஒன்பது நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்கள் அல்லவா? 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். உண்மையில் குறைந்ததோ சுமார் 31,000. நிலக்கரி பாய்லரைச் சட்டென்று தணிக்க முடியாது. அணைமின் நிலையத்தில் டர்பைனுக்குப் போகும் தண்ணீரை நிமிடங்களில் குறைக்கலாம். அதனால் முன்னேற்பாடாக அனல்மின்சாரத்தைக் குறைத்து நீர்மின்சாரத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். 8.45-லிருந்து 9.10-க்குள் அதில் சுமார் 17,500 மெகாவாட்டை இறக்கினார்கள். விளக்குகள் திரும்ப எரியத் தொடங்கியதும் மறுபடி ஏற்றம். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் நடுவில் ஆடியது. விதியின் எல்லையைத் தாண்டியதுதான், ஆனால் கிரிட் விழவில்லை. இருட்டில் உட்கார்ந்திருந்த வீடுகளில் ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.