பின்சக்கர பேரிங்: மாட்டும் அன்றே கெட்டுப்போகாமல் இருக்க

பின்னால் ‘ஊஊ’ என்று ஒரு முனகல். 40 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆரம்பித்து, 60-இல் காருக்குள் பேசுவது கேட்காத அளவுக்கு வளரும். கிளட்சை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் இறங்கியும் முனகல் அப்படியே இருந்தால் அது எஞ்சின் கோளாறு இல்லை. சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றுதான். வலப்பக்க வளைவில் சத்தம் கூடினால் இடப்பக்கப் பேரிங்கை (சக்கரம் இலகுவாகச் சுற்ற உதவும் குண்டு வளையத்தை) சந்தேகிக்கலாம், ஏனென்றால் அப்போது பாரம் இடப்பக்கம் சாய்கிறது. ஆனால் பேரிங் வாங்கக் கிளம்புவதற்கு முன்பு, முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயரும் இதே குரலில்தான் முனகும். டயரோடு சத்தமும் முன்னால் போய்விட்டால் பேரிங் மேல் குற்றமில்லை.

சந்தேகம் தீர இன்னொரு வழி உண்டு. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். நல்ல பேரிங்கில் எதுவும் தெரியாது. போன பேரிங்கில் மணல் அரைபடுவது போன்ற அதிர்வு விரல் நுனிக்கு வரும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினாலும், பக்கவாட்டில் பிடித்து ஆட்டினாலும் டிக்கென்று ஆட்டம் இருந்தால் அந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். ஆட்டம் உள்ள டிரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை), அதை உள்ளிருந்து உரசி நிறுத்தும் பிரேக் ஷூவைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பெடல் ஆழமாக இறங்கும். முற்றினால் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை வேகத்தில் சக்கரம் இறுகி நிற்கும், அல்லது கழன்றே போகும்.

சென்னையில் பேரிங்குக்கு முதல் எதிரி தேங்கிய தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனையோ கார்கள் அச்சு முழுக நின்றன. நிற்பதைவிடத் தண்ணீருக்குள் ஓட்டிப் போவது இன்னும் கெடுதல். ஓடிச் சூடான ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சில வாரம் எதுவும் தெரியாது. பிறகு பிரித்துப் பார்த்தால் கிரீஸ் மோர் போல வெளுத்திருக்கும், குண்டுகள் ஓடும் வளையமான ரேஸில் துரு பூத்திருக்கும். மற்றபடி சத்தம் வந்த பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். வெள்ளத்தில் முழுகிய வண்டி என்றால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுவது நல்லது.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின்சக்கர அமைப்பு மூன்று விதம். ஹப்பும் பேரிங்கும் ஒரே உருப்படியாக, நான்கு போல்ட்டில் மாட்டுவது முதல் வகை. வீட்டில் செய்ய ஏற்றது இதுதான். டிரம்முக்குள் பேரிங்கை அழுத்தி ஏற்றி அது கழலாமல் சர்க்ளிப் என்ற பூட்டு வளையம் போட்டிருப்பது இரண்டாவது. கிரீஸ் போட்டுக் கையால் அட்ஜஸ்ட் செய்யும் இரட்டை டேப்பர் ரோலர் பேரிங் (குண்டுக்குப் பதில் கூம்பு வடிவ உருளைகள்) மூன்றாவது. பழைய வண்டிகளில் பார்க்கலாம். ஈக்கோ, பொலேரோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் பேரிங் ஆக்சில் தண்டிலேயே ஏறியிருக்கும். அந்த வேலையை வீட்டில் தொடாதீர்கள்.

உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போகலாம், புதுப்பேட்டையும் போகலாம். எங்கே போனாலும் புதுப் பேரிங்தான் வாங்க வேண்டும்; பழைய வண்டியிலிருந்து கழற்றிய பேரிங் வேண்டாம். பழைய பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். போலிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அட்டைப்பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருப்பதுதான் வேறு. பேரிங் மேலுள்ள எழுத்து மங்கலாக இருந்தாலோ, பில் தர மறுத்தாலோ அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். பேரிங்கோடு புது ஹப் நட்டு, சர்க்ளிப், கிரீஸ் மூடி, டேப்பர் வகையானால் ஆயில் சீல், நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின் எல்லாம் வாங்க வேண்டும். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்க சீலே காந்த வளையம். அந்தப் பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் டாஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு அணையாது, எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான். காந்த முனை உள்ள ஸ்க்ரூடிரைவரை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள்.

வண்டியைத் தூக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பின்சக்கர வேலையில் ஹேண்ட் பிரேக் உதவாது. டிரம்மைக் கழற்ற அதை விடுவித்தே ஆக வேண்டும். ஆகவே முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி தூக்க மட்டுமே. பாரம் நிற்க வேண்டியது ஸ்டாண்டில். மே மாத மதியத்தில் தார் இளகும், ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும்; அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பதித்த கற்களும் ஒரு பக்கம் அமுங்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டை அடியில் போடுங்கள். நடுவிலுள்ள பெரிய ஹப் நட்டை முதலில் தளர்த்துவதைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் நீளமான பாரைப் போட்டுத் தொங்குவது ஆபத்து.

டிரம் வராவிட்டால் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். டிரம் முகத்தில் மரையோடு இரண்டு துளை இருந்தால், அதே அளவு போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்க டிரம் தானே வெளியே வரும். விளிம்பில் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு தெறித்துவிடும். உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள்; பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். சில சமயம் பேரிங் பிரிந்து உள் ரேஸ் மட்டும் ஸ்டப் ஆக்சிலிலேயே (பேரிங் ஏறி நிற்கும் குட்டை அச்சு) தங்கிவிடும். புல்லரால் இழுங்கள். வராவிட்டால் கிரைண்டரால் முக்கால் ஆழம் கீறி, உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் பிளந்துவிடும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. ஆக்சிலில் கீறல் விழவும் கூடாது.

இனி, பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம். பேரிங் டிரம்முக்குள் இருக்கும் இரண்டாவது வகையில், டிரம்மை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அழுத்தும் எந்திரமான பிரஸ்ஸில் மாற்றுவதே நல்லது. சில நூறு ரூபாய் வேலைதான். சுத்தியலால் அடித்து ஏற்றுவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பிரஸ் முன்னால் நீங்களும் நில்லுங்கள். முதலில் சர்க்ளிப்பை எடுத்தார்களா என்று பாருங்கள். எடுக்காமல் அழுத்தினால் டிரம் உடையும். அடுத்தது அழுத்தும் இடம். டிரம்மோடு இறுகிப் பிடிப்பது வெளி ரேஸ். எனவே அழுத்தமும் வெளி ரேஸின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். கையில் கிடைத்த இரும்புக் கட்டையை நடுவில் வைத்து உள் ரேஸை அழுத்தினால், அத்தனை விசையும் குண்டுகள் வழியாகத்தான் வெளி ரேஸுக்குப் போகும். ஒவ்வொரு குண்டும் தான் நின்ற இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தைப் பதித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பேரிங் பளபளவென்று புதிதாகவே இருக்கும். அப்படிப் போன பேரிங்கை அறுத்து ரேஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: குண்டுக்குக் குண்டு எவ்வளவு இடைவெளியோ, அதே இடைவெளியில் மங்கலான புள்ளிகள் வரிசையாக நிற்கும். ஓடித் தேய்ந்தால் இப்படி இடைவெளி விட்டு வராது. அது மாட்டிய அன்று பட்ட அடி. பேரிங் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

பழைய பேரிங்கின் வெளி ரேஸை ஒரு சுற்று தேய்த்துக் குறைத்தால் அதுவே அளவான அழுத்து வளையம். பேரிங் அடிவரை உட்கார்ந்தால்தான் சர்க்ளிப் அதன் காடியில் (வெட்டுப் பள்ளத்தில்) ‘டக்’கென்று விழும். விழவில்லை என்றால் இன்னும் இறங்கவில்லை என்று பொருள். எந்த அழுத்தமும் இல்லாமல் பேரிங் கையாலேயே உள்ளே போனால், பழைய பேரிங் சுற்றிச் சுற்றி டிரம்மின் துளையைப் பெரிதாக்கிவிட்டது. சென்டர் பஞ்ச்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி டைட் செய்து தருவதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்த மேடுகள் சில மாதத்தில் அமுங்கிவிடும். அந்த டிரம்முக்கு வேறு டிரம்தான் மருந்து.

அடுத்தது நட்டு. சீல் செய்த பேரிங்கில் உள் ரேஸ் இரண்டு துண்டு. அவற்றைச் சரியான அழுத்தத்தில் சேர்த்துப் பிடிப்பது அந்த ஒரு நட்டுதான். தளர்ந்தால் ஆட்டம் வரும், உள் ரேஸ் ஆக்சிலைத் தின்னும். ‘கைக்கணக்கு’ இங்கே செல்லாது. பல சிறிய கார்களில் இந்த நட்டின் இறுக்க அளவு 100-க்கும் 250 நியூட்டன் மீட்டருக்கும் இடையே இருக்கும். உங்கள் மாடலுக்கான எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். 210 வரை மட்டுமே போகும் டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) 230 வைக்க முடியாது. இம்பாக்ட் கன்னால் முடிக்காதீர்கள். டிரம்மைப் பல சுற்றுச் சுற்றிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கடைசி இறுக்கத்துக்கு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அந்த அளவு வரும் முன் சக்கரத்தைத் தரையில் இறக்கிப் பாரம் ஏற்றக் கூடாது. முடிந்ததும் நட்டின் விளிம்பை மழுங்கிய பஞ்ச்சால் ஆக்சில் காடிக்குள் தட்டி மடக்குங்கள்.

டேப்பர் வகைக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. டிரம்மைச் சுற்றிக்கொண்டே மிதமாக இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் முட்டும் அளவுக்குக் கொண்டுவந்து புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். இறுக்கமாக விட்டால் கிரீஸ் உருகி ரோலர் நீலம் பாரிக்கும். கிரீஸை உள்ளங்கையில் வைத்து ரோலர்களுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றுங்கள். ஹப் குழியை மட்டும் முழுக்க நிரப்ப வேண்டாம். கோனைப் (ரோலர்களோடு வரும் உள் ரேஸ்) புதிதாக்கினால் டிரம்முக்குள் இருக்கும் கப்பையும் (வெளி ரேஸ்) புதிதாக்க வேண்டும்.

பிரேக் ஷூவில் கிரீஸ் பட்டிருந்தால் ஷூவை மாற்றுங்கள். அட்ஜஸ்டரைச் சரிசெய்து, பெடலை நாலைந்து முறை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். சக்கர நட்டுகளுக்கும் மேனுவல் சொல்லும் அளவு உண்டு. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு பின் ஹப்பின் நடுவையும் புறங்கையால் அணுகிப் பாருங்கள். மாற்றிய பக்கம் மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தால் அன்றே பிரித்துப் பாருங்கள். சூடு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால், 100 கிலோமீட்டரில் சக்கரத்தைத் தூக்கி ஆட்டம் பார்த்து, ஸ்பிரிங் மேல் மறுபடி கை வைத்துவிடுங்கள்.