கையில் அட்டை, பட்டியலில் பெயர் இல்லை: பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் வாக்குரிமை

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் வாக்குச்சாவடியில், லேமினேட் செய்த ஓட்டர் ஐடியை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து நீட்டிய ஒரு பெண்ணிடம், பட்டியலில் பெயர் இல்லை என்று இரண்டு முறை சொல்லித் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். பெங்களூரில் சித்தாள் வேலை செய்யும் அவர், கூலியை விட்டுவிட்டு இரவுப் பேருந்தில் வந்திருந்தார். அட்டை போலியன்று. ஆனால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, பட்டியலில் பெயர் உள்ளவருக்கே ஓட்டு.

ஆங்கிலேயர் காலத்தில் சொத்தும் படிப்பும் உள்ளவர்களோடு நின்றுவிட்ட வாக்குரிமையை, அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு வயது வந்த குடிமக்கள் அனைவருக்கும் ஆக்கியது. 1989இல் நடைமுறைக்கு வந்த 61ஆவது திருத்தம் அந்த வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. வரலாறு இவ்வளவு போதும். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பது, ஓர் ஊரின் பட்டியலில் இடம்பெறச் சட்டம் கேட்கும் ‘வழக்கமாக வசிப்பவர்’ என்ற சொல்தான்.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தற்காலிகமாக வெளியூரில் இருப்பதால் மட்டும் ஒருவர் ஊர்வாசி இல்லை என்று ஆகிவிடாது என்கிறது. ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஊர்வாசி ஆகிவிட முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே பட்டாவைக் காட்டி வாதிடாதீர்கள். பண்டிகைக்கும் அறுவடைக்கும் வந்து போவதையும், பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் படிப்பதையும், பெரியவர்கள் இங்கேயே இருப்பதையும் சொல்லுங்கள்.

நடப்பதோ வேறு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். “அவுங்க பெங்களூரு போயிட்டாங்க” என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியம் ‘நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்’ என்ற குறிப்பாகிவிடும். குடியிருப்பு மாறிவிட்டது என்று பெயரை நீக்குமுன் விளக்கம் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. அந்த அறிவிப்பையும் பூட்டிய கதவில்தான் ஒட்டுகிறார்கள் என்றால் வாய்ப்பு யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டாரிடம் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து வைப்பது இப்போதைக்கு நல்ல காவல்.

பெயர் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தால், புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6; பெயர் இருந்து முகவரி மட்டும் மாறினால் படிவம் 8. இதை மாற்றிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஊரில் பெயர் இருக்கும்போதே, மேஸ்திரி சொன்னார் என்று பெங்களூரில் படிவம் 6 கொடுத்துவிடாதீர்கள். இரண்டு இடங்களில் பெயர் இருக்கக் கூடாது. வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக உறுதிமொழி கொடுத்தால், 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஒப்புகை எண் வாங்காமல் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். எங்கள் வட்டாரத்து அலுவலகம் ஒன்றில் “சார் மீட்டிங்ல இருக்காரு”, “சர்வர் இல்ல”, “பி.எல்.ஓ.வைப் பாருங்க” என்று நான்கு முறை அலையவிட்டு, ஐந்தாம் முறை அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். ஒப்புகை எண் இல்லாதவருக்கு அங்கே பேச வாயில்லை. 1950 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லவும் அந்த ஒப்புகை எண் உதவும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்: மாவட்ட ஆட்சியரிடம் 15 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், அங்கும் தள்ளினால் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் செல்ல 30 நாட்கள்.

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயரையும் சேர்க்க முடியாது. பூத் சிலிப் வரவில்லையே என்று தேர்தல் வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவது வீண் செலவு.

திருமணமாகி வந்த பெண்கள் முகவரி மாற்றத்தைத் தள்ளிப் போடவே கூடாது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. ஆனால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் அங்கே போட்டியிட முடியாது. உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே தயாராகிறது. அரூரில் பிறந்து காரிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பெயர் இன்னும் தாய்வீட்டுப் பட்டியலிலேயே இருந்தால், பத்தாண்டுகள் மகளிர் குழுவை நடத்தியவராக இருந்தாலும் அவருடைய வேட்புமனு பரிசீலனை மேசையிலேயே விழுந்துவிடும். அவர் இப்போதே கொடுக்க வேண்டியது படிவம் 8.