வீட்டு வரைபடத்தின் பதிப்புரிமை: வட சென்னையில் வீடு கட்டுவோர் அறிய வேண்டியவை

பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டத் தொடங்குவோரில் சிலர், அதே தெருவில் கட்டி முடித்த ஒருவரின் பிளானை நகலெடுத்து மேஸ்திரியிடம் கொடுத்துவிடுகின்றனர். பிளானுக்குச் சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார், பிறகென்ன என்பது அவர்களின் எண்ணம். ஆனால் அந்தச் சம்மதத்தைத் தரும் உரிமை பெரும்பாலும் வீட்டுக்காரருக்கு இருப்பதில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கட்டட வரைபடத்தையும், கலைத்தன்மையோ வடிவமைப்போ உடைய கட்டடத்தையும் கலைப் படைப்பாகவே கொள்கிறது. வரைந்தவரே அதன் முதல் உரிமையாளர். அவர் ஒரு நிறுவனத்தின் ஊழியராக வரைந்திருந்தால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், உரிமை நிறுவனத்தைச் சேரும். அந்த உரிமை வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பதிவு செய்யாவிட்டாலும் செல்லும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் ஓவியத்துக்கும் காசு கொடுத்தவரையே சட்டம் முதல் உரிமையாளராக ஏற்கிறது. அந்தச் சலுகைப் பட்டியலில் கட்டட வரைபடம் இல்லை. எனவே கட்டணம் செலுத்திய வீட்டுக்காரருக்குக் கிடைப்பது, தம் மனையில் அந்த வீட்டைக் கட்டிக்கொள்ளும் அனுமதிதான். மாநகராட்சியின் ஒப்புதல் முத்திரை விழுந்திருப்பதாலும் பதிப்புரிமை கை மாறிவிடாது.

காகிதத்தில் இருப்பதைச் செங்கல்லில் எழுப்புவதும் சட்டத்தின் பார்வையில் நகலெடுப்பதே. ஆயினும், உரிமையை மீறும் கட்டடமே ஆனாலும் வேலை தொடங்கிவிட்டால் அதைத் தடுத்து நிறுத்தவோ இடிக்கவோ உத்தரவு பெற முடியாது என்று 59ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வாறு கட்டுவது 63ஆம் பிரிவின் கீழ் குற்றமும் ஆகாது. இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரும் வழி மட்டும் திறந்தே இருக்கிறது. முறையான அனுமதியோடு கட்டிய வீடு பின்னாளில் இடிந்துபோனால், அதே வரைபடத்தின்படி மீண்டும் கட்டுவதற்குத் தடையில்லை. கட்டுமான முறைகள் எவருடைய பதிப்புரிமைக்குள்ளும் வருவதில்லை.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அடுத்தவர் பிளான் நம் மனைக்குப் பொருந்துவது அரிது. வட சென்னையின் பழைய தெருக்களில் மனைகள் குறுகி நீண்டிருக்கும்; இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் நிற்கும் இடத்தில் நடு அறைக்குக் காற்றும் வெளிச்சமும் எங்கிருந்து வரும் என்பதை அந்த மனையை நேரில் பார்த்தவரே தீர்மானிக்க முடியும். காசிமேடு, திருவொற்றியூர்க் கரையோரத்தில் உப்புக்காற்று கம்பியை அரிக்கும். அங்கே கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்த்தாக வேண்டும். மழைநீர் தேங்கும் தெருவில் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்பதை வேறொரு மனைக்கு வரைந்த தாள் சொல்லாது. ஒரு நல்ல ஆர்க்கிடெக்டுக்குத் தரும் கட்டணம் இந்த யோசனைக்கானது. அதை வீண்செலவு என்று கருதுவது தவறு.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கிய சுயசான்று திட்டத்தின்படி, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்பைக் கட்ட இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். விதிப்படிதான் கட்டுகிறேன் என்ற உறுதியை அங்கே மனை உரிமையாளரே தருகிறார். இரவல் பிளானில் பக்கவாட்டு இடைவெளி குறைந்திருந்தால், பொறுப்பும் அவர் தலையில்தான் விழும்.

ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்கு முன் போட்டுக்கொள்பவர், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். பொறியாளர் வரைந்த பிளானுக்கும் பதிப்புரிமை இதே விதத்தில் உண்டு. கட்டணம் பேசும்போதே, இதே பிளானில் இன்னொரு வீடு கட்டலாமா, இடையில் அவர் விலகினால் மற்றொருவர் வேலையைத் தொடரலாமா, பின்னாளில் மாடி எடுக்கும்போது வரைபடத்தைத் திருத்தலாமா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது அவசியம். உரிமையையே முழுதாக வாங்குவதென்றால், அவர் கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வமான ஆவணம் வேண்டும். அதில் காலத்தைக் குறிப்பிட மறந்தால், 5 ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமை மாற்றப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.