கரடிக்கும் கொனோரியா வரும்

"டாக்டர், நான் கரடி டைப், டாப் மட்டும்தான். எனக்கு எதுக்கு பாலியல் நோய் டெஸ்ட்?" இதை இன்னொருவர் கேட்டால் ஃபீஸை இரட்டிப்பாக்கலாம் என்றிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஆண்களை விரும்பும் ஆண்களிடையே உடம்பை வைத்துச் சொல்லும் பெயர்கள் இவை. கனத்த உடம்பு, தாடி, நெஞ்சு நிறைய முடி என்றால் கரடி. முடி உண்டு, கனம் இல்லை என்றால் ஆட்டர். ஒல்லியாக, மழமழவென்று, சின்ன வயசாக இருந்தால் ட்விங்க். ஜிம் உடம்பு ஜாக். டாப் என்றால் உறவில் நுழைப்பவர், பாட்டம் என்றால் பெறுபவர். ('பேர்' என்று எழுதினால் பெயராகிவிடுகிறது, 'பியர்' என்றால் டாஸ்மாக் வாசனை. ஆகவே கரடி.) ஒல்லி உடம்புதான் அழகு என்றிருந்த சான் பிரான்சிஸ்கோவில் தொப்பைக்காரர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட இடம் அந்தக் கரடி வட்டம். 1987-ல் தனிப் பத்திரிகை, 1995-ல் தனிக் கொடி. அதில் எனக்குக் குறையில்லை.

எரிச்சல் வேறு இடத்தில். நம் ஊரில் கோத்தி (பெறுபவர்), பந்தி (நுழைப்பவர்) என்று படுக்கையில் யார் என்ன செய்கிறார் என்பதை வைத்துப் பிரிப்பது பழைய வழக்கம். இப்போது அதன் மேல் டேட்டிங் ஆப் லேபிளையும் ஒட்டிவிட்டார்கள். ட்விங்க் என்றால் பாட்டம், கரடி என்றால் டாப். பாட்டத்துக்குத்தான் நோய், டாப்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு கணக்குமே தப்பு. முடியின் அளவு ஒருவருடைய விருப்பத்தைச் சொல்லாது. மருந்து எடுக்காத எச்.ஐ.வி. உள்ளவரோடு ஆணுறையில்லாமல் ஆசனவாய் உறவு கொண்டால், 10,000 முறைக்குப் பெறுபவருக்குத் தொற்று சுமார் 138, நுழைப்பவருக்குச் சுமார் 11. பதினொன்று பூஜ்யம் அல்ல, சாமி! சிபிலிஸ் தொற்ற வாய்வழி உறவே போதும்.

அடுத்த தப்பு, சிறுநீரை மட்டும் கொடுத்துவிட்டு "எல்லாம் நெகட்டிவ்" என்பது. தொண்டையிலும் ஆசனவாயிலும் இருக்கும் கொனோரியா, கிளமிடியா பெரும்பாலும் அறிகுறி காட்டாது, சிறுநீரிலும் தெரியாது. மூன்று இடத்திலும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கூடவே சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம். துணைகள் பலர் என்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை. உறை கிழிந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை உண்டு. சீக்கிரம் வந்தால் நல்லது. நான்காம் நாள் அழுதுகொண்டு வந்து பயனில்லை. உங்கள் லேபிள் எனக்கு வேண்டாம். எங்கே, எப்போது, உறையோடா இல்லையா, அவ்வளவு போதும்.

கரடிகளே, தொப்பை உங்கள் பெருமை, சரி. இடுப்பு 90 செ.மீ. தாண்டினால் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள்.

ஜாக் தம்பிகளிடம் மட்டும் கெஞ்சுகிறேன். ஜிம் அண்ணன் தரும் 'சைக்கிள்', அதாவது ஸ்டீராய்டு கோர்ஸ், வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் மூளை விதைக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், ரத்தம் தடிக்கும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டேன். ஹெமட்டோகிரிட்டும் (ரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்ற கணக்கு) கல்லீரலும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஊசியையும் மருந்துக் குப்பியையும் யாரோடும் பகிராதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் இந்த வாரமே முதல் தவணை போடுங்கள். அடுத்தது 1 மாதத்தில், கடைசி 6-ஆம் மாதத்தில்.