முகக்கவசம் வண்ணத்துளியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது

பஞ்சாலைத் தூசியில் வேலை செய்தவர்களும் வார்ப்படப் பட்டறை மணலில் வேலை செய்தவர்களும் வந்து போகும் கோவை நுரையீரல் மருத்துவமனை ஒன்றில், பிளாஸ்டிக் மாதிரி விமானங்களும் கார்களும் செய்யும் இளைஞர்கள் நோயாளிகளாக வந்து அமர்வதைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் அனைவரும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "மாஸ்க் போட்டுத்தானுங்க டாக்டர் பெயின்ட் அடிக்கறேன்." அண்மையில் அதே வாக்கியத்தை மீண்டும் கேட்ட பிறகு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடுவதே மேல் என்று முடிவு செய்தேன்.

கடைசியாக வந்தவர் பொறியியல் கல்லூரி மாணவர். பகலில் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நள்ளிரவு தாண்டியதும் இருமல் தொடங்கும், நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும், எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். இரவில் தயிர் சாப்பிடுவதால்தான் இப்படி ஆகிறது என்று வீட்டில் முதலில் தயிரை நிறுத்தினார்கள். பிறகு தலையணையை மாற்றினார்கள். அதன் பிறகு வளர்த்த நாயை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலை நேரத்தில் என்ன செய்வார் என்று நான் கேட்டபோது, "சாயங்காலமானா மேல ரூம்ல கதவச் சாத்திக்கிட்டுக் கார் பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பானுங்க" என்று அவருடைய தாயார் சொன்னார். மகனோ பையிலிருந்து தன் என்95 முகக்கவசத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் வெளிப்பக்கத்தில், மூக்குக்கு நேரே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய சாம்பல் நிற வட்டம் படிந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. "பாருங்க டாக்டர், உள்ள ஒண்ணுமே போகல" என்றார் அவர்.

இந்த வட்டத்தைத்தான் எல்லாரும் சான்றாகக் காட்டுகிறார்கள். அது பாதி உண்மைக்கு மட்டுமே சான்று. காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் பேனா போன்ற கருவியான ஏர்பிரஷ்ஷின் நுனியிலிருந்து இரண்டு பொருட்கள் வெளியே வருகின்றன. ஒன்று, மிகச் சிறிய துளையின் வழியாக, காற்றழுத்தத்தில் சிதறும் வண்ணத்துளி. மற்றொன்று, அந்த வண்ணத்தைக் கரைத்து வைத்திருந்த தின்னரின் ஆவி. என்95 என்பது 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடித்துவைக்கும்படி செய்யப்பட்ட துகள்வடிகட்டி. வண்ணத்துளியைப் பிடிக்கும் வேலையை அது நன்றாகவே செய்கிறது, அந்தச் சாம்பல் வட்டமும் அப்படி உண்டானதுதான். ஆனால் பல தின்னர்களில் இருக்கும் டொலுயீன் என்னும் கரைப்பானின் மூலக்கூறு அந்த 0.3 மைக்ரானைவிடப் பல நூறு மடங்கு சிறியது. அது துகள் இல்லை, வாயு. நீங்கள் இழுக்கும் ஆக்சிஜன் எந்த வழியாக உள்ளே வருகிறதோ அதே வழியாக அதுவும் தாராளமாக உள்ளே வருகிறது, போகும் வழியில் முகக்கவசத்தில் எந்த நிறத்தையும் விட்டுச்செல்வதில்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால், அதே என்95-ஐ நன்றாக இறுக்கி அணிந்துகொண்டு பெட்ரோல் பங்க்கில் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது அருகில் நின்று பாருங்கள். பெட்ரோல் வாசனை வரும். வாசனை வருகிறது என்றால் ஆவி மூக்கைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று பொருள். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகக்கவசத்தில் ஒட்டிய வண்ணத்துளி அங்கேயே காய்கிறது. காயும்போது அதிலுள்ள தின்னர் ஆவியாகி, மூக்குக்கு ஓர் அங்குல தூரத்திலிருந்து, அடுத்த மூச்சோடு உள்ளே போகிறது. இரண்டு முகக்கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தாலும் இதுவே நடக்கும், ஈரத் துணியைக் கட்டிக்கொண்டாலும் இதுவே நடக்கும். "அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம் வாசனையே தெரியறதில்லைங்க" என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் மறுமொழி, உங்கள் மூக்கு களைத்துவிட்டது, அறையிலுள்ள ஆவி அப்படியேதான் இருக்கிறது என்பதே.

ஆவியைப் பிடிப்பதற்கு வேறு கருவி இருக்கிறது. முகத்தில் ரப்பர் விளிம்பு படியும், இரண்டு பக்கமும் வட்டக் குப்பி போன்ற கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுகக் கவசம் அது. ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் பாதுகாப்புப் பொருட்கள் விற்கும் கடைகளில் "ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ்" என்று கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்க முறையில் அதற்குக் கறுப்பு நிறக் குறி, ஐரோப்பிய முறையில் பழுப்பு நிறக் குறி. அதன் மேல் துகள்வடிகட்டியும் சேர்த்து மாட்ட வேண்டும். உள்ளிருக்கும் கரி காற்றில் உள்ள ஆவியை எந்நேரமும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்க வேண்டும். மேசைமேல் மாதக் கணக்கில் திறந்து கிடந்த கார்ட்ரிட்ஜை நம்பாதீர்கள். தாடி வைத்திருப்பவர்களுக்கு ரப்பர் விளிம்பு முகத்தில் படியாது. அவர்களுக்கு இந்தக் கவசம் பயன் தராது.

ஆனால் அந்த மாணவருக்கு இந்தக் கவசமும் போதாது. கார் மாதிரிக்குப் பட்டறையில் அடிப்பது போன்ற கண்ணாடிப் பளபளப்பு வேண்டும் என்பதற்காக அவர் 2கே கிளியர் கோட் என்னும், இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் நிறமற்ற மேற்பூச்சை வாங்கி, அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் கலந்து அடித்துக்கொண்டிருந்தார். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். தொழில் சார்ந்த ஆஸ்துமாவை உண்டாக்கும் பொருட்களில் மருத்துவ உலகம் மிக நன்றாக அறிந்த பொருள் இது. தீங்கு செய்யும் அளவில் இருந்தாலும் இதற்கு வாசனை தெரியாது, ஆகவே கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதை மூக்கு எச்சரிக்காது. தோலில் பட்டாலும் உடல் இதற்கு எதிராகத் திரும்பக்கூடும். அடித்து நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்தும் மூச்சிரைப்பு தொடங்கலாம். மாலையில் அடித்தவருக்கு நள்ளிரவில் மூச்சு முட்டியது அதனால்தான், பழி தயிர்மேல் விழுந்ததும் அதனால்தான். ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு கூட மூச்சிரைப்பை வரவழைத்துவிடும். முறையாக நடத்தப்படும் வாகனப் பெயின்ட் பட்டறைகளில் இதை அடிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று வரும் கவசம் கொடுக்கிறார்கள். வீட்டு மாடி அறையில் அதற்கு வழியில்லை. ஆகவே 2கே கிளியரை வீட்டில் அடிக்கவே கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பளபளப்பு கட்டாயம் வேண்டுமென்றால் ஹார்டனர் கலக்காத சாதாரண லாக்கர் கிளியரைப் பல மெல்லிய பூச்சுகளாக அடித்து, காய்ந்த பின் மெருகேற்றுங்கள். நேரம் கூடுதலாக ஆகும், பரவாயில்லை.

என் சக மருத்துவர்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். "என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று கேட்டால் இவர்கள் "காலேஜ் படிக்கறேனுங்க" என்றும் "ஐடி கம்பெனிங்க" என்றும்தான் சொல்வார்கள். தொழில் வரலாறு அங்கேயே முடிந்துவிடும். ஓய்வு நேரத்தில் கைகள் எதைத் தொடுகின்றன என்று இன்னொரு கேள்வி கேட்டால்தான் ஹார்டனர் பாட்டில் வெளியே வரும்.

நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம்தானே, அதில் என்ன இருக்கிறது என்பவர்களும் வருகிறார்கள். ஆவியைப் பொறுத்தவரை அது லாக்கரைவிட நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தூரிகையால் தீட்டுவதும் ஏர்பிரஷ்ஷால் அடிப்பதும் ஒன்றாகா. தூரிகையில் வண்ணம் பிளாஸ்டிக்கில் தங்குகிறது. அடிக்கும்போது அதே நிறமியும் பசையும் மென்துளியாகி மூச்சுக்குழாய்க்குள் போகின்றன. அக்ரிலிக் என்று பெயரிட்டு விற்கப்படும் சில வண்ணங்களில் ஆல்கஹாலும் இருக்கிறது. பொதுவாகக் காட்மியம் சேர்ந்த சிவப்பையும் மஞ்சளையும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றாதீர்கள். காட்மியம் மூச்சு வழியே உள்ளே போனால் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி வீட்டு வண்ணங்களுக்கும் அலங்கார வண்ணங்களுக்கும்தான், தொழிற்சாலை எனாமலுக்கு இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று இரும்புச் சாமான்களுக்கு அடிக்கும் எனாமல் டப்பாவை வாங்கி மாதிரிகளுக்கு அடிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தூரிகை நுனியைக் கூர்மையாக்க உதட்டில் வைத்து இழுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

இனி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றை நம் பகுதிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காற்று கொண்டுவரும் தூசி ஈர வண்ணத்தில் ஒட்டிவிடும் என்று அஞ்சி, ஜன்னல்களை அடைத்து, கதவின் கீழ் இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் இவர்கள் ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரையே இயக்குகிறார்கள். வண்ணத்தைக் காப்பாற்ற எடுத்த அதே ஏற்பாட்டினால் ஆவி முழுவதும் அறைக்குள் தங்கிவிடுகிறது. "ஏசி ஓடுதுங்களே" என்று சொல்வதில் பயனில்லை; நம் வீடுகளில் மாட்டியிருக்கும் ஸ்பிலிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்து, பின்னால் விசிறி வைத்து, குழாய் வழியே ஆவியை ஜன்னலுக்கு வெளியே தள்ள வேண்டும். போகும் காற்றுக்கு ஈடாக உங்கள் முதுகுப்பக்கமிருந்து புதுக் காற்று உள்ளே வர ஓர் இடைவெளியும் விட வேண்டும். பெட்டியின் பின்னால் பஞ்சுத் தகட்டை மட்டும் வைத்துவிட்டுக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுவது முகக்கவசத்தில் செய்த அதே தவறுதான். அடித்து முடித்ததும் விசிறியை நிறுத்திவிடாதீர்கள். வண்ணம் காயும் நேரத்திலும் ஆவி வந்துகொண்டேதான் இருக்கும். காய வைத்த மாதிரியின் பக்கத்திலேயே படுத்துத் தூங்காதீர்கள்.

தீயைப் பற்றி நான் சொல்ல வேண்டியிராது என்று நினைத்தேன், ஆனால் அந்த மாணவர் மேசைக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி இருப்பதாகச் சொன்னபோது அந்த எண்ணம் போய்விட்டது. தின்னர் ஆவி காற்றைவிட எடை கூடியது. தரையோடு ஊர்ந்து அடுத்த அறை வரை போகும். டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளிவிடுகிறது. மார்கழி விடியலில்கூட கோவை அவ்வளவு குளிர்வதில்லை. பூஜை விளக்கு, பொறி பறக்கும் சுவிட்ச், பழைய மோட்டார் விசிறி ஆகிய எதுவும் அந்த ஆவியின் பாதையில் இருக்கக் கூடாது.

புது மாதிரியைப் பயன்படுத்திப் பழசானது போலக் காட்டும் பழமையாக்கும் வேலைக்கு வந்தால் ஒரு விந்தையைக் காண்கிறேன். இந்த வேலையில் எனக்கே ஈடுபாடு உண்டு. ஒரு மாணவர் சூலூரில் பறக்கும் தேஜஸ் போர் விமானத்தைப் பார்த்துவிட்டு 1/72 அளவில் செய்து கொண்டுவந்து காட்டினார். இறக்கையில் இருந்த தலைமுடி போன்ற இணைப்புக் கோடுகளில் கரும்பழுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த வண்ணம்) ஓடி நின்ற விதத்தையும், புகைபோக்கியைச் சுற்றிப் பொடி தேய்த்து ஏற்றியிருந்த கரிப்படிவத்தையும் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தேன். ஆனால் அந்தப் பொடியைத் தூவும்போதும், மிகுந்ததை வாயால் ஊதித் தள்ளும்போதும், இடுக்கை அடைக்கும் புட்டிப் பசையையும் ரெசின் என்னும் வார்ப்புப் பிளாஸ்டிக் பாகங்களையும் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கும்போதும் அவர் முகத்தில் ஒன்றும் அணிவதில்லை. என்95 முழுப் பயன் தரும் இடமே அதுதான். பொடி வேலைக்கும் தேய்ப்பு வேலைக்கும் அதை அணியுங்கள். ரெசினையும் பிரைமர் என்னும் அடிப்பூச்சையும் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். அந்தச் சேற்றைக் காயும் முன்பே ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

வாஷுக்குப் பயன்படுத்தும், மண்ணெண்ணெய் போன்ற ஒயிட் ஸ்பிரிட்டையும் டர்பன்டைனையும் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மண்ணெண்ணெய் குடித்துவிட்ட குழந்தைகளைப் பார்த்த எந்த மருத்துவருக்கும் இதன் முடிவு தெரியும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி வரட்டும் என்று உப்புக்கரைசல் கொடுக்காதீர்கள், தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் இறங்குவதுதான் உயிருக்கு ஆபத்து. அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

வண்ணம் அடித்த நாளன்று இரவில் இருமலோ இரைப்போ வருகிறது, விடுமுறைக்கு ஊருக்குப் போன நாட்களில் வருவதில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அடிப்பதை நிறுத்திவிட்டு உடனே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். வரும்போது பயன்படுத்தும் வண்ணம், தின்னர், ஹார்டனர் ஒவ்வொன்றின் லேபிளையும், பின்பக்கத்துச் சிறிய எழுத்துகள் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்தெந்த நாளில் அடித்தீர்கள், எத்தனை மணிக்கு மூச்சு முட்டியது என்பதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஊதிப் பார்க்கும் சோதனை பகலில் எங்கள் அறையில் முழுச் சரியாகவே வந்துவிடுவதுண்டு. அப்போது அந்தத் தாளும் அந்தப் படங்களும்தான் எங்களுக்கு வழி காட்டும்.