சுரங்கம் மூடியாச்சு, சிப்பி மறக்கவில்லை

மேற்கு கிரீன்லாந்தின் மார்மோரிலிக்கில், ஃபியோர்டை (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் குறுகலான, ஆழமான கடல் நீட்சி) ஒட்டி ஒரு வெளிர்நிறப் பாறைச் சுவர் செங்குத்தாக நிற்கிறது. அதில் ஓடும் கரும்பாறைப் படலம் சிறகு விரித்த தேவதை மாதிரி இருக்கும். அதனால் அங்கிருந்த சுரங்கத்துக்கும் 'கருப்பு தேவதை' என்றே பெயர். அதன் வாசல் கடலிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருந்தது. ஆட்களும் தாதுவும் ரோப் கார் வழியாகத்தான் ஃபியோர்டைக் கடக்க வேண்டும். 1973 முதல் 1990 வரை அங்கே ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள்.

தாதுவை மாவாக அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சிய சேற்றை அஃபார்லிகாஸா ஃபியோர்டின் அடியில் விட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கு கேட்க நன்றாகத்தான் இருந்தது. கந்தகத்தோடு சேர்ந்திருக்கும் ஈயம் தண்ணீரில் எளிதில் கரையாது. ஃபியோர்டின் வாயில் நீருக்கடியில் ஒரு மேடு குறுக்கே கிடக்கிறது. எனவே அடித்தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தக் கணக்கைக் கெடுத்தது குளிர்காலம். கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடும். உப்பு கூடிய நீர் கனமாகி மூழ்கும், அடியில் கிடந்தது மேலே வரும். ஈயமும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கரைந்தது.

சரி, இதையெல்லாம் எப்படி அளப்பது? ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் போதாதா? போதாது. அந்தத் தண்ணீர் அந்த நேரத்துக் கதையை மட்டுமே சொல்லும். அலை திரும்பினால் எண்ணும் மாறிவிடும். போதாக்குறைக்கு, கடல்நீரில் ஈயம் அவ்வளவு சொற்பம் என்பதால் படகிலிருந்து உதிரும் பெயின்ட் துணுக்கே முடிவைக் கெடுத்துவிடும். அதனால் ஆய்வாளர்கள் ஓரிடத்தைவிட்டு நகராமல் வாழும் உயிர்களைத் தேடிப் போகிறார்கள். அவை நாள்தோறும் உலோகத்தைச் சேர்த்து வைத்திருக்கும்.

கரைப் பாறையில் ஒட்டி வளரும் பழுப்புக் கடற்பாசி அதில் ஒன்று. கிளை நுனிதான் இந்தப் பருவத்தில் வளர்ந்த பகுதி. அதை மட்டும் கத்தரித்து, அலசி, உலர்த்தி, அமிலத்தில் கரைத்து அளந்தால் இந்த வருடத்து நிலவரம் கிடைக்கும். முழுச் செடியையும் அரைத்தால் பழைய வருடங்களும் கலந்துவிடும்.

அடுத்தது கருநீல ஓட்டுச் சிப்பி. பெரியது என்றால் வயதானது. அதனால் முதலில் அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். பிறகு ஓட்டைத் திறந்து, நீரை வடித்து, சதையை உறைய வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சிப்பி உடம்பில் ஏறிய ஈயம் லேசில் இறங்காது. சுத்தமான தண்ணீருக்கு மாற்றினாலும் மிக மெதுவாகத்தான் குறையும். சுரங்கத்தை மூடியபின் கிழச் சிப்பியில் ஈயம் அதிகமாக இருந்தால், அது இன்றைய கசிவா பழைய பாக்கியா? சுத்தமான இடத்துச் சிப்பிகளைக் கொண்டுவந்து அங்கே வைத்து, அப்புறம் எடுத்துப் பார்த்தால் விடை தெரியும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது இந்தத் தந்திரம்தான். சந்தேகம் வந்தால் பழைய கணக்கில்லாத ஒரு புது ஆளைக் கொண்டுவந்து உட்கார வைப்பது.

நிலத்தில் இதே வேலையைச் செய்வது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். அதற்கு வேர் இல்லை, சத்தும் தண்ணீரும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். தூசியில் வரும் ஈயமும் அப்படியே உள்ளே போய்விடும். சுத்தமான இடத்து லைக்கனைச் சுரங்கத்தருகே ஒரு வருடம் வைத்து எடுத்தால், அந்த ஒரு வருடத்தில் எவ்வளவு தூசி படிந்தது என்று சொல்லிவிடலாம். மார்மோரிலிக்கில் சுரங்கம் மூடி 20 வருடம் ஆகியும் தூசி நிற்கவில்லை. மலைச்சரிவில் கொட்டிய கழிவுப் பாறைகளில் மிச்சம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மூடும்போது ஒரு பெரிய குவியலை அள்ளி ஃபியோர்டுக்குள் தள்ளினார்கள். தூசிக்கு அது நல்லது, தண்ணீருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அகப்பட்ட ஈயம் சுரங்கத்துடையதுதானா என்பது அடுத்த கேள்வி. ஈயத்துக்குக் கைரேகை மாதிரி ஒன்று உண்டு. ஈயத்தில் அணு எடை மட்டும் வேறுபடும் வகைகள் உண்டு. அவற்றில் ஈயம்-206, 207, 208 மூன்றும் யுரேனியம், தோரியத்தின் கதிரியக்கச் சிதைவிலும் உருவாகின்றன. அதனால் எந்த விகிதத்தில் கலந்திருக்கும் என்பது ஒவ்வொரு தாதுவின் வயதையும் பிறப்பையும் பொறுத்தது. கருப்பு தேவதையின் விகிதமும் சுற்றுப் பாறைகளின் விகிதமும் வேறு வேறு. லைக்கனிலும் சிப்பியிலும் எந்த விகிதம் தெரிகிறது என்று பார்த்தால் ஈயம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

சுரங்கத்துக்கு அருகில் சிப்பி பொறுக்க வேண்டாம் என்று மக்களுக்குச் சொன்னதும் இந்த அளவீடுகளை வைத்துத்தான். வருடங்கள் போகப் போக எண்கள் இறங்கி வந்தாலும், இயல்பு நிலைக்கு வந்துவிடவில்லை. கடலடியில் குழாயைச் செருகிச் சேற்றை அடுக்குக் கலையாமல் எடுத்தால், அந்தச் சரித்திரம் மேலிருந்து கீழாகத் தெரியும்: கீழே சுரங்கக் காலத்துச் சேறு, அதன்மேல் ஃபியோர்டு தானாகவே படியவிட்ட புதிய வண்டல். எந்த அடுக்கு எந்த வருடத்தது என்று கணிக்க உதவுவதும் ஈயம்தான்: வானிலிருந்து இயற்கையாக விழுந்து, சுமார் 22 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கதிரியக்க வகையான ஈயம்-210.