திரையில் தெரிகிற காசெல்லாம் செலவுக்கு இல்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து எங்கள் வங்கிக் கிளைக்கு வருகிறவர்களிடம் மாதத் தொடக்கத்தில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "கணக்குல காசு இருந்துச்சு மேடம், பேங்க்தான் எடுக்கல." இந்த வாரமும் கேட்டேன். செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர். கார் தவணை இரண்டு மாதமாகப் போகவில்லை. கையில் கடிதம். கவுண்டரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு நடந்தது இதுதான். 5ஆம் தேதி கார் தவணைக்கு 540 வெள்ளி (ரிங்கிட்) தானாகக் கழிய வேண்டும். முந்தின நாள் கணக்கில் 655 வெள்ளி இருந்தது. அன்று சாயங்காலம் மகன் அப்பாவின் டெபிட் கார்டை பெட்ரோல் பம்பிலேயே செருகி 30 வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றினான். பம்பில் கார்டு போட்டால் நாம் எவ்வளவு ஊற்றுவோம் என்று முன்கூட்டியே தெரியாதல்லவா? அதனால் 200 வெள்ளி வரை பிடித்து வைப்பார்கள். ஊற்றியது போக மிச்சம் திரும்ப வரச் சில நாள் ஆகலாம். ஆக, 5ஆம் தேதி அவர் தொடக்கூடிய காசு 455 வெள்ளிதான். தவணை போகவில்லை. அது போகவில்லை என்றே தெரியாமல், "காசு இன்னும் இருக்கே" என்று அதையும் செலவழித்துவிட்டார். அடுத்த மாதம் மழை, குலை குறைவு, சம்பளமும் குறைவு.

தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். கணக்கில் இருக்கும் தொகை வேறு, எடுக்கக்கூடிய தொகை வேறு. செயலியிலும் ஏடிஎம் சீட்டிலும் இரண்டும் தனித்தனியாக வரும். பெரிய எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மெஷினில் போட்ட செக் முதல் எண்ணில் ஏறியிருக்கும். அது தேறும்வரை இரண்டாவது எண்ணில் வராது. அந்த இரண்டாவது எண்ணும் முழுசாக உங்களுடையது இல்லை. 5ஆம் தேதி கார், 10ஆம் தேதி இன்சூரன்ஸ் என்றால் அவை கழியும்வரை அந்தக் காசு உங்கள் கணக்கில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கழிய வேண்டியதைக் கழித்துப் பார்த்த பிறகு மிஞ்சுவதுதான் மளிகைக்கும் மோட்டாருக்கும். நான் இதைச் சொன்னால் பலர், "பேங்க் முதல்ல கட்டிட்டு அப்புறம் பிடிச்சுக்காதா?" என்கிறார்கள். பிடிக்காது. சாதாரண சேமிப்புக் கணக்கு மைனஸில் போகாது. ஒரு வெள்ளி குறைந்தாலும் தவணை அப்படியே நிற்கும். ஓடி (OD, ஓவர்டிராஃப்ட்) என்பது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ள, நடப்புக் கணக்குக்குத் தனியாக விண்ணப்பித்து வாங்கும் கடன். எடுத்த தொகைக்கு நாள் கணக்கில் வட்டி ஓடும். கணக்கு வைத்திருப்பதாலேயே அது கிடைத்துவிடாது. செக் எழுதும் சின்னக் குத்தகைக்காரர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: காசில்லாமல் செக் திரும்பினால் கட்டணத்தோடு முடியாது, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பதிவிலும் ஏறும்.

கார் கடனில் இது விளையாட்டில்லை. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி 21 நாள் நோட்டீஸ் கொடுத்து, அப்புறம் கடன் கொடுத்தவர்கள் காரை இழுத்துக்கொண்டு போகலாம்.

தேதியையும் பாருங்கள். வேலைச் சட்டப்படி போன மாதச் சம்பளத்தை 7ஆம் தேதிவரை கொடுக்க முதலாளிக்கு நேரம் உண்டு. அப்படியிருக்க 3ஆம் தேதிக்கும் 5ஆம் தேதிக்கும் தவணை வைத்துக்கொண்டால் எப்படி? கடன் கொடுத்த இடத்தில் தேதியை மாற்றக் கேளுங்கள். கேட்க வெட்கமா? கார் போன பிறகு வரும் வெட்கம் இதைவிடப் பெரிது. குலை எடைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் நல்ல மாதத்திலேயே ஒரு தவணைக் காசை வேறு கணக்கில் போட்டு வையுங்கள். செயலியில் அறிவிப்பைத் திறந்து வையுங்கள். தவணை நாளன்று காலையில் ஒரு தடவை பாருங்கள், கழிந்ததா என்று மறுநாளும் பாருங்கள். பெட்ரோலுக்கு உள்ளே கவுண்டரில் தொகையைச் சொல்லிக் கட்டுங்கள், அந்தத் தொகைதான் போகும். கார்டைப் பிள்ளைகளிடம் கொடுப்பதை நிறுத்துங்கள்; பின் நம்பரையும் சேர்த்துத்தானே கொடுக்கிறீர்கள். அடுத்த வங்கி ஏடிஎம்மில் எடுத்தால் ஒரு வெள்ளி, கார்டுக்கு வருஷக் கட்டணம் என்று சின்னச் சின்னதாகவும் போகும். அதனால் தவணைக்கு மேலே ஒரு 50 வெள்ளி தொடாமல் இருக்கட்டும்.

ஏற்கெனவே கடிதம் வந்துவிட்டதா? அலமாரியில் ஒளிக்காதீர்கள். ஒரு தவணையை அடைக்க ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரனிடம், போகவே போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கடிதத்தோடு முதலில் கடன் கொடுத்த வங்கிக்கு வாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால், பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே (AKPK) என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். சம்பளச் சீட்டையும் கடன் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போனால் வருமானத்துக்கு ஏற்றபடி தவணைத் திட்டம் போட உதவுவார்கள். இரண்டாவது தவணை தவறும் முன்னால் போங்கள்.